போர்டிகோவைத் தூக்கிய ஜெயபாய்

ஜெயபாய் முதன்முதலில் கொத்துக்கரண்டியைப் பிடித்தது 1984-ல். ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளர் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த நேரம். அவள் அங்கே சித்தாள். மம்சாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாந்துச் சட்டி சுமப்பவள். அன்று பூச்சு வேலைக்குச் சிமெண்டைக் குழைத்து வைத்தாகிவிட்டது. பூச வேண்டிய கொத்தனாருக்குப் பத்து மணிக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டது; மணல் குவியலுக்குப் பின்னால் சுருண்டு படுத்துவிட்டார். மேஸ்திரி கம்பி வாங்கப் போயிருந்தார். குழைத்த சிமெண்ட் யாருக்காகவும் காத்திருக்காது. ஜெயபாய் சட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தாள்.

மேஸ்திரி திரும்பியபோது ஒரு சுவர் முழுக்கப் பூசி முடிந்திருந்தது. அவர் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். மட்டக்கட்டையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"பதினோரு வருசமா பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் ஜெயபாய்.

கணவன் சௌந்தரபாண்டியன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலைக்காரன். சர்ச்சில் நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டு, பொம்பளை சாரம் ஏறுவதாவது என்று கேட்டார்கள். "எங்க மில்லுல அம்புட்டு மிஷினும் பொம்பளையதான் ஓட்டுதாக. மிஷின் நின்னா போச்சு?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.  மறுவாரம் அவளுக்கென்று சொந்தமாக ஒரு கரண்டியும் ரசமட்டமும் வாங்கி வந்தான்.

எட்டு வருஷம் ஓடியது. ஜெயபாய்க்கு எல்லா வேலையும் அத்துப்படியானது. ஆனால் அவளைப் பேர் சொல்லி ஊர் தேட வைத்தது புது வீடு எதுவும் இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் இறங்கிப்போன கான்கிரீட் தளம்.

அந்த வீடு முத்துராமலிங்கத்துடையது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சுபேதார் வீடு என்றால்தான் தெரியும். அவர் மனைவி நாச்சியார் பள்ளிக்கூட டீச்சர். வீட்டு முகப்பில் இரண்டு செங்கல் தூண்களோடு ஒரு போர்டிகோ உண்டு. பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். சாயங்காலம் ஐந்தரை ஆனால் அங்கே இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும். டீச்சரின் டியூஷன்.

அந்தத் தளத்தின் இடது பின்மூலை, சுவரை ஒட்டிய இடம், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காளிராஜ் என்ற கொத்தனார் வந்து, மேலேயே மூன்று அங்குலம் சிமெண்ட் கலவை போட்டு மட்டம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். தொண்ணூற்றிரண்டில் ஐப்பசி, கார்த்திகை மழை ஊரையே புரட்டிப் போட்டதல்லவா, அந்த மழையில் மூலை மறுபடி இறங்கியது. இந்த முறை மழைத்தண்ணீர் தெருவுக்குப் போகாமல் நேராக வீட்டு நடைக்குள் வந்தது.

காளிராஜைக் கூப்பிட்டுக் கேட்டார் சுபேதார். "மொத்தத்தையும் உடைச்சுப் போட்டுட்டுப் புதுசாப் போடணும்" என்றார் காளிராஜ்.

நாச்சியாருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது ஜெயபாய்தான் வந்து அடைத்தாள். அடைத்த பிறகு அது ஒழுகவே இல்லை. அந்த ஞாபகத்தில் மம்சாபுரத்துக்கு ஆள் அனுப்பினார். தை பிறந்து பத்து நாள் இருக்கும், ஜெயபாய் தன் கூட்டாளி சுடலையம்மாளோடு வந்து இறங்கினாள். இருவரும் ஒரே நாளில் சித்தாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது ஒருத்தி கொத்து, ஒருத்தி கையாள்.

சுபேதார் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஜெயபாய் அதைக் கண்டுகொள்ளவில்லை. நீளமான பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுடலையம்மாளிடம் கொடுத்து வலது மூலையில் நிறுத்தினாள். மறுமுனையோடு தான் இடது மூலைக்குப் போனாள். ட்யூபில் நின்ற தண்ணீர் மட்டத்தை இரண்டு பக்கமும் சாக்குக்கட்டியால் குறித்து அளந்தாள். மூன்றேகால் அங்குலம் வித்தியாசம்.

பிறகு தூண்களைத் தட்டிப் பார்த்தாள். "உடைக்கக் கூடாதுங்கய்யா. செங்கல் தூணு, சுண்ணாம்புக் கட்டு. கீழ சம்மட்டியால அடிச்சா அந்த அதிர்வு மேல வரைக்கும் ஏறும். பொறவு மேல் கூரைக்கும் சேத்து வேலை வச்சிரும்."

"உடைக்காம என்ன பண்ணுவ?"

"தூக்குவேன்."

சுபேதார் சிரித்துவிட்டார். "தூக்குவியா? என்னம்மா, தவழுற பிள்ளையா இடுப்புல தூக்கி வைக்க?"

"லோடு லாரியத் தூக்குற ஜாக்கி இருக்குல்ல, அதுக்கு இது ஒரு பாரமா? மேல போட்ட மூணு அங்குலத்தை மொதல்ல எடுத்துருவேன். அது சொமைதான், பலமில்ல. மாடித் தண்ணி எறங்குற குழாய் நேரா இந்த மூலைல கொட்டுது. அடிமண்ணைக் கரைச்சிருக்கு. ஓரத்தைத் தோண்டி மண்ணை இறுக்கி, தளத்தைத் தூக்கிப் பழைய மட்டத்துல நிறுத்திரலாம். மூணு நாளு."

நாச்சியார் கதவருகே நின்றபடி, "அவ சொல்றபடி செய்யட்டும்" என்றார். 

மறுநாள் காலையில் உளியும் சுத்தியலும் எடுத்து மேல் கலவையைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். செய்தி காளிராஜ் காதுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் வந்து நின்றார். தான் போட்டதை ஒரு பெண் பெயர்க்கிறாள், முகம் சுண்டிப்போயிருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் ஜெயபாய், நிமிராமலே. "உங்க கலவை நல்ல கலவை. பழசுலதான் ஒட்டல. அப்பளமா வருது பாருங்க."

காளிராஜ் குனிந்து ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்கே தெரிந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். "அந்த உளிய இப்பிடிக் குடு. நீ புடிச்சிருக்கது மொட்டை உளி" என்றார். மத்தியானத்துக்குள் மூன்று பேருமாகப் பெயர்த்து முடித்தார்கள்.

சாயங்காலம் நாலரைக்கு ஜெயபாய் ஒரு சோதனை செய்தாள். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே மூலையில் இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. அதில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்கலாம், அந்தப் பக்கம்தான் மண் கரைந்திருக்கும் என்பது அவள் கணக்கு. சுடலையம்மாள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். ஐந்து குடம். எங்கும் ஈரம் தெரியவில்லை. பத்துக் குடம் ஆயிற்று.

"அக்கா, இது எங்க போகுது?" என்றாள் சுடலையம்மாள்.

"ஊத்து."

பதினெட்டாவது குடத்தோடு ஜெயபாய் கையைக் காட்டி நிறுத்தினாள். குப்புறப் படுத்துக் காதை அந்த இடைவெளியில் வைத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. வெகு ஆழத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம். மண்ணில் விழுகிற சத்தமில்லை. வெறும் பள்ளத்தில் விழுந்து எதிரொலிக்கிற சத்தம்.

அவள் எழுந்தபோது டியூஷன் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் வந்து தளத்தின் வலது பக்கம் பையை வைத்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஜெயபாய் சத்தம் போடவில்லை. டீச்சரிடம் போய்த் தாழ்ந்த குரலில், "பிள்ளைகளை எந்திரிக்கச் சொல்லுங்க. ஓட வேண்டாம், ஒவ்வொருத்தரா தெருவுக்கு எறங்கட்டும். கீழ பள்ளம் இருக்கு" என்றாள்.

நாச்சியார் உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் வகுப்பு நடத்திய குரலில் வரிசையாக எழுந்திருக்கச் சொன்னார். கடைசிப் பிள்ளை தெருவில் கால் வைத்த பிறகுதான் அவர் இறங்கினார்.

மறுநாள் விடிந்ததும் இடது பக்கம், தளத்துக்கு வெளியே, இரண்டரை அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். ஜெயபாய் பள்ளத்தில் இறங்கி, தளத்துக்கு அடியில் பக்கவாட்டாகக் கடப்பாரையைச் செலுத்தினாள். மூன்றாவது குத்தில் எதிர்ப்பே இல்லை. கடப்பாரை அவள் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம் கழித்துத்தான் அடியில் விழுந்த சத்தம் வந்தது.

சுபேதார் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார். "கெணறு" என்றார். 

அது பழைய உறைகிணறு. மூன்றடி விட்டம், முப்பதடி ஆழம். முனிசிபல் குழாய் வந்த பிறகு, 1961-ல், அவருடைய அப்பா அதன் வாயில் பனங்கட்டைகளை அடுக்கி, மேலே மண் போட்டு, அதற்கும் மேலே போர்டிகோவைக் கட்டிவிட்டார். சுபேதார் அப்போது வடக்கே எல்லையில் இருந்தார். லீவில் வந்தபோது புதுப் போர்டிகோவைப் பார்த்தாரே தவிர, கிணறு எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருஷத்தில் பனங்கட்டை உளுத்துப்போயிற்று. மாடித் தண்ணீர் வேறு வருஷா வருஷம் அங்கேயே இறங்கி, மேலே போட்ட மண்ணைக் கிணற்றுக்குள் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜெயபாய் பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள். "ஐயா, நான் மூணு நாளுன்னு சொன்னது தப்பு. தோண்டிப் பாக்காமச் சொல்லிட்டேன். இது மூணு வார வேலை."

"உன்னால முடியுமா? இல்ல என்ஜினியர் யாரையும் கூப்பிடணுமா?"

"கூப்பிட்டாலும் சரிதான், வந்து பாக்கட்டும். ஆனா என்னால முடியும்" என்றாள்.

முனிசிபாலிட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஓவர்சியர் வந்து பார்த்தார். ஜெயபாய் தரையில் சாக்குக்கட்டியால் படம் போட்டு, செய்யப்போவதை வரிசையாகச் சொன்னாள். அவர் ஓர் இடத்தில் மட்டும் கம்பியைப் பன்னிரண்டு மில்லியாக மாற்றச் சொன்னார். மற்றபடி சரி என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

முதல் வேலை, தளம் அப்படியே உள்ளே போய்விடாமல் நிறுத்துவது. ரயில்வே ஏலத்தில் வந்த பழைய தண்டவாளத் துண்டுகள் இரண்டு ராஜபாளையத்தில் கிடைத்தன. தளத்துக்கு அடியில் மண் இறங்கியதால் ஏற்கெனவே இடைவெளி இருந்தது. கிணற்று வாய்க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, தளத்தின் குறுக்கே அவற்றைச் செருகினார்கள். இரண்டு முனைகளும் தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அந்த நான்கு முனைகளுக்கும் அடியில்தான் ஜாக்கி. சௌந்தரபாண்டியன் தனக்குத் தெரிந்த லாரி பட்டறையில் சொல்லி, பத்து டன் தூக்கும் நான்கு ஜாக்கிகளை இரவல் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கனத்த மரக்கட்டை.

தளம் தாங்கலில் நின்ற பிறகு, பக்கத்தில் வெட்டிய பள்ளத்தின் வழியாகக் கிணற்றை நிரப்பினார்கள். முதலில் பெருங்கல், பிறகு உடைகல், பிறகு சரளை, மேலே மணல். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு இறங்க வைத்தார்கள். இரண்டரை டிராக்டர் லோடு போயிற்று. கடைசி நான்கடிக்குச் சுடலையம்மாள் கயிறு கட்டிய ஒரு இரும்புக் குண்டைப் பள்ளத்தில் நின்று உள்ளே போட்டுப் போட்டு இடித்தாள். மாடிக் குழாயைக் காளிராஜ் திருப்பிச் சாக்கடையில் விட்டார்.

தூக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. ஜாக்கிக்கு ஒருவர் வேண்டும். முன்பக்கம் இடது முனையில் சௌந்தரபாண்டியன், பின்பக்கம் இடது முனையில் காளிராஜ். வலது பக்கம் உயர்த்த வேண்டியதில்லை, தாங்கிப் பிடித்தால் போதும். அதில் ஒன்றில் சுடலையம்மாள். நாலாவது ஆளுக்கு ஜெயபாய் சுற்றிலும் பார்த்தாள்.

சுபேதார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நான் புடிக்கிறேன்."

"நான் சொல்றபடிதான் சுத்தணும். கூட ஒரு சுத்துகூட ஆகாது."

"இருபத்தாறு வருசம் ஆர்டர் கேட்டவன்மா நான். சொல்லு."

தூண்களைச் சுற்றித் தளத்தோடு ஒட்டியிருந்த சிமெண்டை ஜெயபாய் முன்பே அறுத்து விட்டிருந்தாள். ட்யூபை மூலையில் கட்டி, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "இடது ரெண்டும், கால் சுத்து" என்றாள். ஜாக்கிகள் முனகின. தளம் அசையவில்லை. "இன்னொரு கால் சுத்து." பிசின் பிரிவது போல ஒரு சத்தம் அடியிலிருந்து வந்தது. ட்யூபில் தண்ணீர் ஒரு நூல் அளவு நகர்ந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

ஒரு அங்குலம் ஏறியது. ஒன்றரை. இரண்டை நெருங்கும்போது பின்பக்க ஜாக்கி லேசாகச் சாய்ந்தது. அடியில் இருந்த கட்டை ஒரு பக்கமாக மண்ணில் அமுங்கிக்கொண்டிருந்தது. தளத்தில் எங்கோ டப்பென்று ஒரு வெடிப்புச் சத்தம். காளிராஜ் கம்பியை விட்டுவிட்டுப் பின்வாங்கப் போனார்.

"அண்ணாச்சி, கைய எடுக்காதீக! யாரும் சுத்த வேண்டாம், அப்பிடியே நில்லுங்க!"

ஜெயபாய் பள்ளத்தில் குதித்தாள். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி நெரித்துப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. தானே ஊற்ற வைத்த பதினெட்டுக் குடம் தண்ணீர் அந்த மூலை மண்ணை ஊற வைத்திருந்தது. மேலே காய்ந்துவிட்டது, உள்ளே களியாக இருந்தது.  

"ஏங்க, உங்க பக்கத்துல கெடக்குற மிச்சக் கட்டைய காலால இங்க உருட்டி விடுங்க. யாராச்சும் நாலு பேரு போயி துவைக்கிற கல்லைத் தூக்கியாங்க. அம்புட்டுப் பெரிய கல்லு வேற இல்ல."

புறக்கடையில் இருந்த துவைக்கிற கல்லை, வேடிக்கை பார்த்த ஆட்களில் நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஜெயபாய் சாய்ந்த ஜாக்கிக்குப் பக்கத்தில் ஈரமண்ணை வழித்து எறிந்துவிட்டு, கல்லை மட்டமாக இறக்கி, அதன் மேல் அந்த மிச்சக் கட்டையை நிறுத்தித் தண்டவாளத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பாரம் அதற்கு மாறியது. பிறகு ஜாக்கியை எடுத்து, அதற்கும் அடியில் பலகைக்கல் போட்டு மறுபடி வைத்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் சுபேதார் தன் ஜாக்கிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஆடாமல் நின்றார்.

"இப்பச் சுத்துங்க. கால் சுத்து."

பன்னிரண்டரை மணிக்கு ட்யூபின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. தளத்தில் நடுவாக்கில் ஒரு விரிசல் விழுந்திருந்தது; மயிரிழைதான். ஜெயபாய் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சிமெண்ட் பாலுல மூடிரும்" என்றாள்.

திங்கட்கிழமை கிணற்று வாய்க்கு மேலே, இரண்டு பக்கமும் கெட்டி மண்ணில் உட்காரும்படி நீளமாகக் கம்பி கட்டி ஒரு கான்கிரீட் உத்தரம் போட்டாள். அது இறுகியதும் அதன் மேல் குட்டையாகச் செங்கல் கட்டு எழுப்பித் தளத்தோடு முட்ட வைத்தாள். பன்னிரண்டு நாள் ஜாக்கிகள் அப்படியே நின்றன. நாச்சியார் தினமும் காலையும் மாலையும் தானே குடத்தோடு வந்து உத்தரத்துக்குத் தண்ணீர் விட்டார். ஜெயபாய் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஜாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். தளம் ஒரு நூலும் இறங்கவில்லை. மிச்ச இடைவெளிகளில் சிமெண்ட் பாலை ஊற்றி நிரப்பினாள்.

வேலை முடிந்த அன்று சுபேதார் தளத்தின் நடுவில் போய் நின்று, பூட்ஸ் காலால் இரண்டு மிதி மிதித்தார். "யார் கேட்டாலும் உன் பேரத்தான் சொல்லுவேன்" என்றார்.

சொன்னார் என்றுதான் தெரிகிறது. அந்த வருஷ மழைக்கு ஜெயபாய் யாரும் கூப்பிடாமலே ட்யூபை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அளந்து பார்த்தாள், மட்டம் மாறவில்லை. அதற்குள் அவளுக்குத் தளவாய்புரத்தில் ஒரு தறி ஷெட்டின் தரை, ராஜபாளையத்தில் ஒரு வீட்டின் மாடிப்படி என்று வேலைகள் வந்துவிட்டன. கிருஷ்ணன்கோவில் பக்கம் புதுக் கட்டிடங்கள் எழும்பிய காலத்தில் அவளிடம் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அதில் மூன்று பேர் கரண்டி பிடித்தவர்கள். இறங்கிப்போன தரை எங்கிருந்தாலும் காளிராஜே ஆட்களை அவளிடம் அனுப்பி வைத்தார். யார் வந்து கேட்டாலும், "தோண்டிப் பாத்துட்டுத்தான் எத்தன நாளுன்னு சொல்லுவேன்" என்பாள். சிலர் அது பிடிக்காமல் போய்விடுவார்கள். அவள் திரும்பக் கூப்பிட மாட்டாள்.

1998-ல் மம்சாபுரத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்ட ஆரம்பித்தாள். மில்லில் லீவு போட்டுவிட்டுச் சௌந்தரபாண்டியன் கையாள் வேலைக்கு வந்தான். முதல் நாள் அவன் குழைத்த சாந்தைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். அது கூழாக ஓடியது.

"ஏங்க, இதுல செங்கல் நிக்காது, நீந்தும்" என்றாள். "போய் இன்னும் ரெண்டு சட்டி மணலும் ஒரு சட்டி சிமெண்டும் அள்ளிட்டு வாங்க."

அவன் சட்டியை எடுத்துக்கொண்டு மணல் குவியலுக்குப் போனான். முதல் வரி செங்கல் வைத்து முடிய அன்று மத்தியானம் தாண்டிவிட்டது.